சியாங் மாய் புகை: தடை போடுவதா, அனுமதி கொடுப்பதா?

வடக்குத் தாய்லாந்தில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை புகைக்காலம். சியாங் மாய் நகரை ஒட்டியே நிற்கும் தோய் சுத்தேப் மலை அப்போது பல நாட்கள் கண்ணிலேயே படாது. முகக்கவசம் போட்டுக்கொண்டு இருமும் நகரவாசிகளில் பலர் கேட்பது, வயலிலும் காட்டிலும் தீ வைப்பதற்கு முழுத் தடை. நிர்வாகமும் சில வாரங்களுக்கு அதை அறிவிக்கும்.

தடையைப் புரியவைப்பது எளிது. அதன் பலமே அதுதான். ஆனால் மலைச்சரிவில் டிராக்டர் ஏறாது. மக்காச்சோளத் தட்டையை அகற்ற அங்கே தீக்குச்சியைவிட மலிவான கருவி இல்லை. எனவே தடை தொடங்கும் முன்பே அவசர அவசரமாக எரிக்கிறார்கள், அல்லது இரவில் எரிக்கிறார்கள். காட்டுச் சருகும் சேர்ந்துகொண்டே போய், பிறகு பற்றினால் அடங்குவதில்லை.

மற்றது அனுமதி முறை. கிராமத்தார் எங்கே, எவ்வளவு எரிக்க வேண்டும் என்று முன்கூட்டியே விண்ணப்பிக்க, காற்று புகையை மேலே தூக்கிச் செல்லும் நாளாகப் பார்த்து அனுமதிப்பார்கள். இதற்காக 'ஃபயர்-டி' என்ற செயலியே இருக்கிறது. 'எரிக்க லைசென்ஸா?' என்று நகரம் முகம் சுளிக்கிறது. எனக்கு இதுவே நடைமுறைக்கு ஒத்துவரும் வழியாகப் படுகிறது. எரிப்பவரைக் குற்றவாளியாக்காமல் பேச்சுக்கு அழைக்கிறது.

காடு எரிந்தால்தான் 'ஹெட் தோப்' காளான் முளைக்கும் என்பது மலையில் பழைய நம்பிக்கை. முதல் மழைக்குப் பின் கோலிக்குண்டு போன்ற அந்தக் காளானை நல்ல விலை கொடுத்து வாங்குவது அதே நகரம்தான்.

மியான்மர் எல்லை தாண்டி வரும் புகையை இரண்டு முறைகளாலும் தடுக்க முடியாது.