கத்தரிக்கோல் கேட்கும் எக்ஸிட்டா, கைமாறும் அன்லாக்கா?

மே விடுமுறைக்கு நான், அக்கா, அக்கா மகள், பெரியப்பா என்று நாலு பேர் கூடினோம். துப்பறியும் கதை என்றால் நாலு பேருக்கும் உயிர். எஸ்கேப் ரூம், அதாவது புதிர்களை அவிழ்த்துப் பூட்டிய அறையிலிருந்து நேரத்துக்குள் வெளியே வரும் விளையாட்டு. அந்தப் பேரைத் தவிர மற்ற மூவருக்கும் எதுவும் தெரியாது. நான் மட்டும் சென்னையில் ஒரே ஒருமுறை நிஜ அறைக்குள் போயிருக்கிறேன். பூட்டு கையில் 'டக்'கென்று திறக்கும் குஷி தனிதான், ஆனால் ஒரு அனுபவத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட், பெரியப்பாவுக்கு முட்டிவலி வேறு. ஆகவே அதே மாதிரிப் புதிர்களை வீட்டு மேஜையிலேயே ஆடும் விளையாட்டுப் பெட்டி என்று முடிவானது.

கடைசியில் நின்றவை இரண்டு. ஜெர்மனியின் காஸ்மோஸ் வெளியிடும் எக்ஸிட், பிரான்ஸின் ஸ்பேஸ் கவ்பாய்ஸ் வெளியிடும் அன்லாக். இரண்டையும் வாங்கி ஆடியாயிற்று. இரண்டிலும் எல்லாரும் ஒரே கட்சி, சுமார் ஒரு மணி நேரம், ஆங்கிலம் வாசிக்க ஒருவர் வேண்டும். இதில் வித்தியாசமில்லை.

எக்ஸிட் தொடருக்கு 2017-இல் ஜெர்மனியின் கென்னர்ஷ்பீல் என்ற மேஜை விளையாட்டு விருது கிடைத்தது. ஓரளவு பழகிய ஆட்டக்காரர்களுக்கான பிரிவு அது. ஆனாலும் புதியவர்களை எக்ஸிட் கைவிடுவதில்லை. புதிருக்கு மூன்று இலக்க விடை கிடைத்ததும் வட்டத் தகட்டைத் திருப்பிச் சரிபார்க்கலாம், செல்போன் தேவையில்லை. மாட்டிக்கொண்டால் உதவி அட்டைகள் உண்டு: முதல் அட்டை லேசாகக் கோடு காட்டும், மூன்றாவது விடையையே சொல்லிவிடும். ஒன்றைக் கவனியுங்கள். துப்பறியும் ஆசையில் நேராக ரயில் கொலைக் கதையான ஓரியன்ட் எக்ஸ்பிரஸ் பெட்டியை எடுத்துவிடாதீர்கள், அது கடினமான வரிசையைச் சேர்ந்தது. பெட்டியின் மேல் போட்டிருக்கும் கடின அளவைப் பார்த்து வாங்குங்கள்.

அன்லாக்கில் முழுக்க எண்ணோ எழுத்தோ போட்ட அட்டைகள். உதாரணமாக, சாவி அட்டையின் எண்ணையும் பெட்டக அட்டையின் எண்ணையும் கூட்டினால் வரும் எண் எதுவோ, அந்த அட்டையை எடுக்க வேண்டும். தப்பாகக் கூட்டினால் நேரம் போகும். கடிகாரம், துப்பு, ரகசிய எண் எல்லாம் செல்போன் செயலியில். ஆடிப் பழக ஒரு சின்னப் பயிற்சிக் கட்டு உள்ளேயே இருக்கிறது. அதை ஆடாமல் விட்டுவிடாதீர்கள், பத்து நிமிடத்தில் பெரியப்பாவுக்கே புரிந்துவிட்டது. படத்துக்குள் பொடிப்பொடியாக எண்களை ஒளித்து வைத்திருப்பார்கள், வாசிப்புக் கண்ணாடி போட்டவர் பாடு திண்டாட்டம். ஹீரோயிக் அட்வென்சர்ஸ் என்ற பெட்டியில் இருக்கும் மூன்று கதைகளில் ஒன்று ஷெர்லாக் ஹோம்ஸ். நாங்கள் வாங்கியது அந்தப் பெட்டியைத்தான்.

என் ஓட்டு அன்லாக்குக்கு. காரணம் ஒன்றே ஒன்று. கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு எந்தப் பெட்டியையும் நாம் மறுபடி ஆட முடியாது. அப்படியானால் நமக்குப் பிறகு அது யாருக்காவது ஆகுமா என்பதுதான் கேள்வி. எக்ஸிட்டில் உள்ளே இருக்கும் தாள்களையும் அட்டைகளையும் மடிக்கிறோம், அதில் எழுதுகிறோம், கத்தரிக்கிறோம். விலை கொடுத்து வாங்கியதை வெட்டும்போது அக்காவுக்குக் கை நடுங்கியது. வெட்டினால்தான் விடை. அந்த நிமிடம் அபாரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு மிஞ்சியது பழைய பேப்பர்காரருக்குப் போட வேண்டிய குப்பை. நகலெடுத்து ஆடலாமே என்று அக்கா மகள் கேட்டாள். செய்யலாம். ஆனால் நகலெடுக்கும்போதே புதிரை ஒருவர் பார்த்துத் தொலைத்துவிடுவாரே!

அன்லாக்கில் எதுவும் கிழியாது. ஆட்டம் முடிந்ததும் எண் வரிசையில் அடுக்கினால் புதுசு மாதிரிதான். எங்கள் பெட்டி திருச்சியில் சித்தி வீட்டுக்குப் போய், அங்கிருந்து தம்பியின் அலுவலக நண்பர்களிடம் போயிருக்கிறது. ஒரு பெட்டிக்கு மூன்று கதை, மூன்று வீடு என்று கணக்குப் போட்டால் ஒன்பது சாயங்காலம். எக்ஸிட்டில் அந்தக் கணக்கு ஒன்றோடு நின்றுவிடும். பாதி விலைக்கு விற்கவும் முடியும் என்கிறார்கள், நான் விற்றுப் பார்க்கவில்லை.

பராமரிப்பு இல்லாமலும் இல்லை. ஒரு அட்டை தொலைந்தால் அந்தக் கதையே போச்சு. பெரியப்பா முப்பது வருஷம் கணக்கெழுதியவர். ஒளிந்திருந்த எண்ணைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் அதைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டார். சித்தி வீட்டார் அந்தப் புதிரை மூன்று விநாடியில் முடித்துவிட்டார்கள். இன்னொரு கவலை செயலி. நாளைக்கு அதை நிறுத்திவிட்டால் அட்டைகளை வைத்து என்ன செய்வது? எக்ஸிட்டுக்கு இந்தப் பயமில்லை. செல்போனை மேஜைக்கே கொண்டுவரக் கூடாது என்று சட்டம் போட்ட வீடாக இருந்தால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

எங்கள் பெட்டி மறுபடி கிளம்பும்போது அக்கா மகள் மூடிக்குள் ஒரு சீட்டு ஒட்டினாள்: "எண்ணிப் பார்த்து அனுப்பவும். பேனா கூடாது. தாத்தா, உங்களைத்தான்."