ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன் ப்ளூரே: மூன்றாவது சீசனில் தொடங்குங்கள்

'ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற விண்வெளி டிவி தொடரின் ஏழு சீசனையும் ப்ளூரேயில் சேர்த்து வாங்கினால் 41 டிஸ்க். எடுத்த எடுப்பில் அத்தனையும் தேவையில்லை. மூன்றாவது சீசன் பெட்டியை வாங்குங்கள், பிடித்தால் நான்கு, ஐந்து என்று மேலே போங்கள். முதல் இரண்டையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

டிவிடி வைத்திருப்பவர்கள் மறுபடி காசு போட வேண்டுமா? போடலாம். 1987 முதல் 1994 வரை ஓடிய இந்தத் தொடரை 35 மி.மீ. ஃபிலிமில்தான் எடுத்தார்கள். ஆனால் எடிட்டிங்கும் கிராபிக்ஸ் சேர்ப்பும் நடந்தது வீடியோ டேப்பில். அதில் படத்துக்குக் கிடைத்தது 480 வரிதான், டிவிடியில் இருப்பதும் அதுவே. ப்ளூரேவுக்காக சிபிஎஸ் நிறுவனத்தின் கிடங்கிலிருந்த நெகட்டிவ் ரீல்களை எடுத்து, ஸ்கேன் செய்து, ஒவ்வொரு எபிசோடையும் பழைய வெட்டுகளுக்குப் பொருந்தும்படி முதலிலிருந்து எடிட் செய்தார்கள். கப்பல் மாடலும் ஃபிலிமில் இருந்ததால், கதை நடக்கும் விண்கப்பலான எண்டர்பிரைஸ் பெரும்பாலும் அசல் மாடல்தான். டேப்பிலேயே உருவான ஃபேசர் ஆயுதத்தின் கதிர், கோள்கள் போன்றவற்றைப் புதிதாகச் செய்தார்கள்.

தெளிவு கூடியதில் ஒளிந்திருந்ததும் வெளியே வந்துவிட்டது. கண்ட்ரோல் பேனல்களில் விளக்கு பளீரென்று அடிக்காமலிருக்க ஒட்டிய கறுப்பு அட்டைத் துண்டுகள் சில ஷாட்களில் அப்பட்டமாகத் தெரிகின்றன. கேப்டன் பிக்கார்ட் எழும்போதெல்லாம் சட்டையைக் கீழே இழுத்துவிடுவது மூன்றாவது சீசனில் வந்த இரண்டு துண்டு கம்பளி யூனிஃபார்மின் உபயம். அந்தத் துணியின் நெசவுகூட இப்போது கண்ணில் படுகிறது.

நெகட்டிவ் கிடைக்காத சில ஷாட்களை மட்டும் பழைய டேப்பிலிருந்து பெரிதாக்கிச் செருகியிருக்கிறார்கள். ஃபிலிமின் பொடி (படம் முழுக்க இருக்கும் நுண்புள்ளிகள்) சட்டென்று மறைந்து, விளிம்புகள் குழைந்து, நிறம் கலங்கினால் அதுதான். சில விநாடிகளில் கடந்துவிடும். உங்கள் டிவியின் கோளாறென்று செட்டிங்கைக் குடைய வேண்டாம்.

பழைய டிஸ்க் வாங்குபவர்கள் முதல் சீசனில் கவனமாக இருக்க வேண்டும். 2012இல் வந்த முதல் பதிப்பில் சில எபிசோடுகளின் 7.1 (சுற்றிலும் பல ஸ்பீக்கர் வைத்துக் கேட்கும்) ஒலியில் முன்பக்க ஸ்பீக்கர்களின் சேனல்கள் இடம் மாறியிருந்தன. பிறகு மாற்று டிஸ்க் கொடுத்தார்கள். சோதிப்பது எளிது: வசனம் நடு ஸ்பீக்கரிலிருந்து வர வேண்டும். பக்கவாட்டிலிருந்து வந்தால் அது பழைய டிஸ்க். வெறும் டிவி ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

இரண்டாவது சீசன் வேலையை வெளியே கொடுத்தார்கள், அது தெரிகிறது. நிறம் காட்சிக்குக் காட்சி சீராக இல்லை, கிராபிக்ஸ் சேர்ப்பும் மற்ற சீசன்களின் தரத்துக்கு வரவில்லை. கடைசி எபிசோடான 'ஷேட்ஸ் ஆஃப் கிரே' பழைய காட்சிகளைத் தொகுத்து ஒப்பேற்றியது, தாராளமாகத் தாண்டலாம். ஆனால் 'த மெஷர் ஆஃப் எ மேன்' ஒன்றுக்காகவே இந்தப் பெட்டியை மன்னிக்கலாம். கப்பலில் அதிகாரியாக இருக்கும் மனித உருவ இயந்திரம் டேட்டா, உரிமையுள்ள ஒரு ஆளா, கப்பலை நடத்தும் ஸ்டார்ஃப்ளீட் படையின் உடைமையா என்ற வழக்கு. வழக்கமான 45 நிமிடப் பதிப்போடு 57 நிமிட நீண்ட பதிப்பும் இருக்கிறது. முதன்முறை பார்ப்பவர்கள் நீண்டதையே போடுங்கள்.

மூன்றாவது சீசன் வேறு ரகம். 'யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்', 'சின்ஸ் ஆஃப் த ஃபாதர்', கடைசியில் 'த பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்'. ஒரே சிக்கல், இந்தக் கடைசிக் கதையின் இரண்டாம் பகுதி நான்காவது சீசன் பெட்டியில் இருக்கிறது. 1990இல் பார்த்தவர்கள் ஒரு கோடை முழுக்கக் காத்திருந்தார்கள், நீங்கள் காத்திருக்க வேண்டாம். இரண்டையும் ஒரே படமாக இணைத்துத் தனி டிஸ்க்கும் 2013இல் வந்தது. இரண்டு பெட்டியும் வாங்கப்போகிறவர்களுக்கு அது தேவைப்படாது.

டிவியில் மூன்று விஷயம். படம் 4:3தான், இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கும். அகலத்துக்கு இழுத்தால் எல்லார் முகமும் உப்பிவிடும். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஃபிலிமில் எடுத்த படம் டிவி சீரியல் மாதிரி வழுக்கும். ஷார்ப்னஸை நன்றாகக் குறையுங்கள், கூட்டினால் ஃபிலிம் பொடி மணலாகத் தெறிக்கும். இன்னொன்று, ப்ளூரேவுக்கு நாட்டுக்கேற்ற மண்டலக் குறி உண்டு, பொருந்தாத டிஸ்க் பிளேயரில் ஓடாது. இந்திய ப்ளூரே பிளேயர்கள் சி மண்டலம், சிங்கப்பூர், மலேசியாவில் ஏ. வெளிநாட்டு டிஸ்க்கை ஆர்டர் போடுமுன் பெட்டியின் பின்பக்கக் குறியைப் பாருங்கள்.

இதே தரத்தில் மற்ற ஸ்டார் ட்ரெக் தொடர்களான 'டீப் ஸ்பேஸ் நைன்', 'வாயேஜர்' கிடைக்குமா என்று தேட வேண்டாம். அவற்றையும் ஃபிலிமில் எடுத்து டேப்பில்தான் முடித்தார்கள். இந்த மறுவேலை அவற்றுக்கு நடக்கவில்லை, டிஸ்க்கில் டிவிடியோடு சரி.