கியோட்டோவா, கனசாவாவா? முடிவைப் பேருந்திடம் விடுங்கள்

ஜப்பானுக்கு முதல்முறை போகிறவர்களின் பட்டியலில் டோக்கியோவுக்கு அடுத்த வரி கியோட்டோதான். 2024-இல் அந்த நாட்டுக்குப் போன வெளிநாட்டார் சுமார் 3.69 கோடி பேர். அவர்களில் மிகப் பலர் கையில் இருந்ததும் ஒரே பட்டியல்: கியோமிசுதெரா, ஃபுஷிமி இனாரியின் செந்நிற வாயில் வரிசை, அராஷியாமா மூங்கில் காடு, கிங்காகுஜி பொற்கோயில், கியோன் தெரு. இந்த ஐந்தையும் காலை பத்து மணிக்கு மேல் மாலைக்குள் பார்த்து முடிக்கிற திட்டமாக இருந்தால், கியோட்டோவுக்குக் கிடைக்கும் புகழ் அளவுக்கு மீறியது. பழைய ஜப்பானைப் பார்க்க மூன்று இரவுகள் ஒதுக்க முடியுமானால், இரண்டை ஜப்பான் கடல் பக்கம் இருக்கும் கனசாவாவுக்கும் ஒன்றைக் கியோட்டோவுக்கும் கொடுங்கள். இதுதான் என் கட்சி.

கோயில் என்று வந்தால் போட்டியே கிடையாது. 794 தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் தலைநகராக இருந்த ஊர் கியோட்டோ. அதையும் அண்டை ஊர்களான உஜி, ஒட்சுவையும் சேர்த்து 17 இடங்கள் 1994-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. கனசாவா, மாயேதா குலம் ஆண்ட கோட்டை நகரம். தோட்டம், சாமுராய் குடியிருப்பு, தேநீர் இல்லத் தெருக்கள், தங்கத் தகடு அடிக்கும் தொழில், ஓர் அருமையான நவீனக் கலைக்கூடம் ஆகியவை அதன் பலம். டோக்கியோவிலிருந்து ரயில் நேரம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றே: கியோட்டோவுக்கு இரண்டே கால் மணி, கனசாவாவுக்கு இரண்டரை மணி. விடுதி வாடகை பருவத்துக்குப் பருவம் தாவும். அதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

தீர்மானிக்க வேண்டிய விஷயம் வேறு. ஊருக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எதில் போகப் போகிறீர்கள்?

கியோட்டோக்காரர்களுக்கு வெளிநாட்டாரைப் பிடிக்காது என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. குணத்தின் மேல் பழி போடுவது சுலபம், ஆனால் எரிச்சல் எங்கே பிறக்கிறது என்று பார்த்தால் அது பெரும்பாலும் நகரப் பேருந்தில் போய் நிற்கும். புகழ்பெற்ற கோயில்கள் நிறைய கிழக்கு மலையடிவாரத்தில் வரிசையாக இருக்கின்றன. ரயிலோ அங்கே போவதில்லை. கெய்ஹான் தடம் காமோ ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. அதிலிருந்து கியோமிசுதெராவுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஏற்றத்தில் நடக்க வேண்டும். சுரங்க ரயில் ஊர் முழுவதுக்கும் இரண்டே தடங்கள். ஒரு காலத்தில் முக்கியச் சாலைகளில் டிராம் ஓடியது. 1978-இல் கடைசித் தடங்களையும் மூடிய பிறகு அந்தச் சுமை மொத்தமும் பேருந்தின் தலையில் விழுந்தது.

206-ஆம் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையத்தில் கிளம்பி, சஞ்சூசங்கென்தோ, கியோமிசு, கியோன் வழியாக ஒரே சாலையில் வடக்கே பல்கலைக்கழகப் பக்கம் போகிறது. பயணிகள் இறங்கும் நிறுத்தங்களும் மாணவர்களும் முதியவர்களும் அன்றாடம் இறங்கும் நிறுத்தங்களும் ஒரே கோட்டில் கோத்திருக்கின்றன. பின்கதவில் ஏறி முன்கதவில் இறங்க வேண்டும். 230 யென் கட்டணத்தை இறங்கும்போதுதான் செலுத்த வேண்டும். நடைவழியில் இரண்டு பெரிய பெட்டிகள் நின்றால் பின்னால் இருப்பவரால் முன்கதவை எட்ட முடியாது. ஓட்டுநர் அவருக்காகக் காத்திருப்பார். சரியான சில்லறை இல்லாதவர் கட்டணப் பெட்டியருகே நின்று மாற்றத் தொடங்குவார். அந்த இயந்திரம் 1,000 யென் தாளைத்தான் மாற்றும். 5,000, 10,000 தாள்கள் செல்லாது. ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் கூடினாலும் பத்து நிறுத்தத்தில் பத்து நிமிடம். தாமதமாகும் பேருந்துக்காக நிறுத்தங்களில் கூட்டம் சேரும், சேர்ந்த கூட்டம் மேலும் தாமதமாக்கும், நடுவழி நிறுத்தத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் முன்னே வருவது நிரம்பி வழியும் வண்டியாக இருக்கும். வருஷம் முழுக்க இதை அனுபவிப்பவரிடம் முகமலர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நகராட்சி சும்மா இருக்கவில்லை. பேருந்துக்கு மட்டுமான 700 யென் நாள் பாஸின் விற்பனையை 2023 செப்டம்பரோடு நிறுத்தியது. வாங்கி வைத்திருந்தவர்களுக்கும் 2024 மார்ச்சோடு அது செல்லாமல் போனது. பழைய வழிகாட்டிகளைப் படித்துவிட்டுப் போய் இன்னும் அதைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். இப்போது இருப்பது சுரங்க ரயிலும் சேர்ந்த 1,100 யென் பாஸ். பயணிகளைப் பேருந்திலிருந்து ரயிலுக்குத் தள்ளுவதுதான் நோக்கம். 2024 ஜூனிலிருந்து சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் 500 யென் கட்டணத்தில் சுற்றுலா விரைவுப் பேருந்துகள் ஓடுகின்றன. உள்ளூர்வாசிக்குக் குறைந்த கட்டணம், வெளியூராருக்குக் கூடுதல் கட்டணம் என்ற திட்டத்தையும் நகராட்சி முன்வைத்திருக்கிறது. 2026 மார்ச்சிலிருந்து தங்கும் வரியும் உயர்ந்திருக்கிறது. இது ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு என்ற கணக்கு: வாடகையில் ஒருவர் பங்கு 6,000 யென்னுக்குக் கீழென்றால் 200, அதிலிருந்து 20,000-க்குக் கீழ்வரை 400, அதற்கு மேல் படிப்படியாக ஏறி உச்சத்தில் 10,000 யென். கனசாவாவில் 5,000-க்குக் கீழே வரியில்லை, அதிலிருந்து 20,000-க்குக் கீழ்வரை 200, மேலே 500 யென்தான். நடுத்தர விடுதியில் தங்குபவருக்கு இந்த வித்தியாசம் பெரிதல்ல. கட்டணங்களை உயர்த்தினாலும் கோயில்கள் அதே மலையடிவாரத்தில், அதே சாலையில்தான் இருக்கின்றன.

கனசாவாவில் இந்தச் சிக்கலுக்கே இடமில்லாதபடி ஊர் அமைந்திருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து ஓமிச்சோ சந்தைக்கு நடந்தால் கால் மணி நேரம். அங்கிருந்து கோட்டைப் பூங்காவுக்குப் பத்து நிமிடம். கோட்டையின் இஷிகாவா வாயிலைத் தாண்டிச் சின்னப் பாலத்தைக் கடந்தால் கென்ரோகுஎன் தோட்டம். தோட்டத்தின் மாயுமிசாகா வாயில் வழியாக இறங்கினால் எதிரே 21-ஆம் நூற்றாண்டுக் கலைக்கூடம். அங்கிருந்து நாகாமாச்சி சாமுராய் குடியிருப்புக்கு மீண்டும் கால் மணி. ஹிகாஷி சாயா தேநீர் இல்லத் தெரு மட்டும் சற்றே விலகி, ஆசானோ ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. சந்தையிலிருந்து அதுவும் இருபது நிமிட நடைக்குள்தான். இரண்டு நாளும் யாருடைய இருக்கையையும் நீங்கள் பிடுங்கப் போவதில்லை. கால் வலித்தாலோ மழை வலுத்தாலோ சுற்றுப் பேருந்து உண்டு. டோக்கியோவில் ரயிலுக்கும் பேருந்துக்கும் பயன்படும் சுயிகா கட்டண அட்டை இங்கே எல்லாப் பேருந்திலும் செல்லும் என்று நம்பி ஏறாதீர்கள். கையில் 100 யென் நாணயங்கள் இருக்கட்டும்.

இதனால் ஊராரின் போக்கும் மாறுகிறது. கடைக்காரருக்குப் பேச நேரம் இருக்கிறது, வழி கேட்டால் நின்று சொல்கிறார்கள். இது கனசாவாக்காரர்கள் பிறவியிலேயே இனிமையானவர்கள் என்பதற்கான சான்று அல்ல. கூட்டம் அவர்கள் அன்றாடத்தின் குறுக்கே இன்னும் அந்த அளவுக்கு நுழையவில்லை, அவ்வளவுதான். 2015-இல் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்த பிறகு ஓமிச்சோவில் கடலுணவுக் கிண்ணங்களின் விலை பயணிகளைக் குறிவைத்து ஏறியதில் உள்ளூர்க்காரர்களுக்கு மனக்குறை இருக்கிறது. அங்கே வாங்கிய தின்பண்டத்தை அந்தக் கடை முன்னேயே நின்று சாப்பிட்டு, குப்பையை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். நடந்துகொண்டே தின்பதை ஹிகாஷி சாயாவிலும் விரும்புவதில்லை.

கியோனில் விதிகள் இன்னும் கறாராக இருக்கின்றன. அங்கே தனியார் சந்துகளுக்குள் பயணிகள் நுழையக் கூடாது என்று 2024-இல் அறிவிப்புப் பலகைகள் வந்தன. மீறினால் 10,000 யென் என்று எழுதியிருக்கிறார்கள். ஹானாமிகோஜி பெருந்தெரு பொதுவழி, அதில் தாராளமாக நடக்கலாம். பக்கத்துச் சந்துகளைத் தவிர்க்க வேண்டும். வேலைக்குப் போகும் மாய்கோவை (பயிற்சி பெறும் கெய்ஷா) வழிமறித்துக் கைபேசியை நீட்டியவர்களால் வந்த தடை இது. நியாயமான தடை என்றே நினைக்கிறேன்.

கனசாவாவில் தங்க, சந்தையை ஒட்டிய முசாஷி பகுதி வசதி: நிலையத்துக்கும் நடக்கலாம், கோட்டைக்கும் நடக்கலாம். கென்ரோகுஎன் நுழைவுக் கட்டணம் 320 யென். ஆனால் கட்டண நேரம் தொடங்கும் முன் ரெஞ்சி வாயிலும் சுயிஷின்சாகா வாயிலும் இலவசமாகத் திறந்திருக்கும். கோடையில் காலை 4 மணிக்கே, நடுக்குளிர்காலத்தில் 6 மணிக்கு. கட்டண நேரம் ஆரம்பிக்கும் முன் வெளியே வந்துவிட வேண்டும் என்பதே நிபந்தனை. ஹிகாஷி சாயாவில் கடைகள் மாலை ஐந்தை ஒட்டிச் சாத்திவிடுவார்கள். 1820-இல் கட்டிய ஷிமா தேநீர் இல்லத்தைப் பகலில் உள்ளே போய்ப் பாருங்கள்; தெருவின் அழகைப் பார்க்க விளக்கேற்றிய பிறகு இன்னொரு முறை வாருங்கள். கலைக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. அங்கே கலைப்படைப்பாக இருக்கும் நீச்சல் குளத்தின் அடித்தளத்தில் நிற்க வேண்டுமானால் முன்பதிவு வேண்டும். நோட்டோ தீபகற்பத்தின் வாஜிமா அரக்குப் பாத்திரங்கள் இந்த ஊர்க் கடைகளில் கிடைக்கும். 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்திலும் தீயிலும் வாஜிமா சந்தைப் பகுதி எரிந்துபோனது. கைவினைப் பொருள் வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கைகளுக்குப் போகட்டும்.

கனசாவாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். முதலாவது மழை. சாப்பாட்டுப் பொட்டலத்தை மறந்தாலும் குடையை மறக்காதே என்பது அந்தப் பக்கத்துச் சொலவடை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயிலை நம்ப முடியாது. அதே பருவத்தில்தான் பனியின் எடை கிளைகளை முறிக்காமலிருக்க மரத்துக்கு மேலிருந்து கூம்பு போலக் கயிறு கட்டும் யுகித்சுரியைப் பார்க்கலாம். நவம்பர் 1 அன்று கென்ரோகுஎனில் காராசாகி பைன் மரத்தில் தொடங்குவார்கள். இரண்டாவது, ஊர் சிறியது. மூன்றாம் நாள் ஷிராகாவாகோ மலைக் கிராமத்துக்குப் பேருந்து பிடிக்கவில்லையென்றால் பார்த்ததையே பார்க்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது குறை சைவர்களுக்கு மட்டும், ஆனால் அது கடுமையானது. கனசாவா மீனை வைத்தே பேர் வாங்கிய ஊர். மிசோ சூப், உடோன் குழம்பு, முட்டைச் சுருள் வரை காட்சுவோபுஷி என்னும் உலர்மீன் சீவலில் எடுத்த சாறு கலந்திருக்கும். தட்டில் மீன் தெரியவில்லை என்பதால் சைவம் ஆகிவிடாது. கியோட்டோவில் புத்த மடங்களின் ஷோஜின் உணவு கிடைக்கும். அராஷியாமாவில் தென்ரியூஜி வளாகத்துக்குள் இருக்கும் ஷிகெட்சு அதற்குப் பெயர்போனது, மதிய உணவு மட்டும். கண்டிப்பான சைவராக இருந்து குழந்தைகளையும் அழைத்துப் போனால், என் கணக்கைத் திருப்பிப் போட்டுக் கியோட்டோவுக்கு இரண்டு இரவு கொடுப்பதைத் தவறென்று சொல்லமாட்டேன். கனசாவாவுக்குப் போவதானால், மீன் சாறும் ஆகாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை, பருப்புப் பொடி, தொக்கு, அங்கே கடைகளில் கிடைக்கும் வெறுஞ்சோற்றுப் பாக்கெட் ஆகியவை துணை.

கியோட்டோவில் இருக்கும் அந்த ஒரு நாளைப் பேருந்தில் ஏறாமலே கழிக்கலாம். காரசுமா ஓய்கே, ஷிஜோ போன்ற சுரங்க ரயில் நிலையத்தின் அருகே அறை எடுங்கள். கியோமிசுதெரா காலை 6 மணிக்குத் திறக்கும். ஏழரைக்குள் வெளியே வந்துவிட்டால் பாதிக் கோபம் உங்களைத் தொடாது. கியோட்டோ நிலையத்திலிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நாரா தடத்தில் இரண்டாவது நிறுத்தம் இனாரி, சாதாரண ரயில் மட்டுமே நிற்கும். ஆலயம் இரவும் பகலும் திறந்திருக்கும், மாலைக்குப் பின் போங்கள். கியோனுக்கு, தோஃபுகுஜி நிலையத்தில் ஜேஆரிலிருந்து கெய்ஹானுக்கு மாறினால் போதும். நான்சென்ஜி கோயிலுக்குக் கேஆகே நிலையம், நிஜோ கோட்டைக்கு நிஜோஜோமாஏ, இரண்டுமே தோசாய் சுரங்கத் தடத்தில். கிங்காகுஜிக்கு ரயில் இல்லாததால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மிச்சமாகும் நேரத்தில் தோஜி கோயிலுக்குப் போகலாம், நிலையத்திலிருந்து கால் மணி நடைதான். அதன் கோடோ மண்டபத்தில் 21 சிற்பங்கள். அவற்றில் அன்னங்களின் மேல் அமர்ந்த பிரம்மாவும் யானைமேல் இந்திரனும் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவர்கள். நம் கோயில்களில் பார்த்துப் பழகிய வாகனங்களை அங்கே பார்க்கும்போது எழும் வியப்பு, பொற்கோயில் குளக்கரையில் தோளிடித்துக்கொண்டு எடுக்கும் படத்தில் கிடைக்காது.

இரண்டு ஊரையும் இணைக்கும் பயணத்தில் 2024 மார்ச் 16-க்குப் பிறகு ஒரு மாற்றம். முன்பு கியோட்டோவிலிருந்து தண்டர்பேர்ட் ரயில் கனசாவாவரை நேராகப் போகும். இப்போது ட்சுருகாவில் இறங்கி ஷின்கான்சென் மாற வேண்டும். தண்டர்பேர்ட் நிற்பது தரைத்தளத்தில், ஷின்கான்சென் மூன்றாம் தளத்தில், நடுவில் மாறும் வாயில்கள். அட்டவணை கொடுக்கும் இடைவெளி பல இணைப்புகளில் எட்டு நிமிடத்தை ஒட்டியதுதான், எல்லோரும் ஒரே நேரத்தில் நகரும் படிக்கட்டுக்கு ஓடுவார்கள். இரண்டு ரயிலுக்கும் ஒரே முன்பதிவாக வாங்குங்கள். தண்டர்பேர்டில் முன்பதிவில்லாப் பெட்டிகள் இப்போது கிடையாது. டோக்கியோ, கனசாவா, கியோட்டோ, ஒசாகா என்று வளைந்து போகிறவர்களுக்கு ஹொகுரிகு ஆர்ச் பாஸ் பொருந்தும்; 2024 மார்ச்சில் அதன் விலை ஏழு நாளுக்கு 30,000 யென் ஆனது. நாடு முழுவதுக்குமான ஜேஆர் பாஸோ 2023 அக்டோபரிலேயே 50,000 யென்னாகிவிட்டது. ஆர்ச் பாஸில் கியோட்டோவிலிருந்து டோக்கியோவுக்கு நேராக ஓடும் தோகைதோ ஷின்கான்சென்னில் ஏற முடியாது. ஆகவே டோக்கியோவில் இறங்கி ஒசாகாவில் விமானம் ஏறும்படி டிக்கெட் எடுங்கள். பெரிய பெட்டியை முந்தின நாளே தக்யூபின் என்னும் பார்சல் சேவையில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிட்டு, ஓர் இரவுக்கான துணியை மட்டும் தோள்பையில் போட்டுக்கொண்டால் ட்சுருகாவின் எட்டு நிமிடமும் தாராளம்.