கிளச் உள்ளதும் கிளச் இல்லாததும்: இரண்டு ஸ்பைடர், 11 வருட ஓட்டம்

கோயில் தரிப்பிடத்தில் என் மூன்று சில்லு ஸ்பைடரை நிறுத்தினால் இரண்டு கேள்வி நிச்சயம் வரும். "அண்ணை, இது கவிழாதோ?" என்பது முதலாவது. முன்னுக்கு இரண்டு சில்லு, பின்னுக்கு ஒன்று, லேசில் கவிழாது என்று சொல்லி முடித்துவிடலாம். இரண்டாவது கியரைப் பற்றியது, அதுதான் நீளமானது. "மனுவல் எடுக்கிறதோ, செமி எடுக்கிறதோ? செமி பழுதானால் செலவு கூட என்கிறாங்களே?" இரண்டையும் வைத்து ஓட்டியவன் என்பதால் இதற்கு ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் வண்டிகளைச் சொல்கிறேன். 2013 இளவேனிலில் நான் வாங்கியது 2010ஆம் ஆண்டு கான்-ஆம் ஸ்பைடர் ஆர்.எஸ்., எஸ்.எம்.5 என்கிற மனுவல். ஐந்து முன் கியர், ஒரு ரிவேர்ஸ், இடது கையில் கிளச், இடது காலில் கியர். ஐந்து வருடம் ஓட்டிவிட்டு மச்சானுக்குக் கொடுத்தேன். இன்றும் அவனிடந்தான் நிற்கிறது, மீட்டரில் 52,000 கிலோமீற்றர். 2018இல் நான் மாறியது 2011ஆம் ஆண்டு ஆர்.டி., எஸ்.இ.5 என்கிற செமி ஓட்டோமற்றிக். வாங்கும்போது 22,000, இப்போது 71,000. இரண்டுக்கும் இயந்திரம் ஒன்றுதான்: ரோட்டக்ஸ் நிறுவனத்தின் 998 சிசி வி-ட்வின். அதனால் கியர் விஷயத்தை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க எனக்கு நல்ல வசதி. ஒரே இயந்திரம், ஒரே ஊர், ஒரே குளிர், ஒரே குடும்பம்.

விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இரண்டு வண்டியிலும் கியர்பெட்டி இதுவரை ஒருநாளும் கையை விரிக்கவில்லை. காசு கேட்டதெல்லாம் கியர்பெட்டியைச் சுற்றி இருக்கிறவை. மனுவலில் கிளச்சும் அதைப் பிடிக்கிற கையும், செமியில் ஒயிலும் பட்டரியும்.

மனுவலோடு எனக்கு முதல் மூன்று வருடம் தேனிலவு. ஸ்காபுறோவிலிருந்து விடிய ஐந்து மணிக்குக் கிளம்பி ஹன்ட்ஸ்வில் போய், 60ஆம் இலக்க நெடுஞ்சாலையில் அல்கொன்குவின் பூங்காவுக்குள் நுழைந்தால், அந்த வளைவுகளுக்கு மனுவல்தான் சரி. எந்த வளைவுக்கு எந்தக் கியர் என்று நாம்தான் தீர்மானிக்கிறோம். வண்டி நம்மைக் கேட்காமல் ஒன்றும் செய்யாது. பிரேக் வேறு வலது காலில் ஒரே ஒரு மிதி. அதுவே மூன்று சில்லுக்கும் போகும். கைப்பிரேக் லீவர் என்று ஒன்று கிடையாது. ஆகவே கையில் இருக்கிற ஒரே லீவர் கிளச் மட்டுந்தான்.

அந்த ஒரே லீவர்தான் பிறகு என்னை மாற்ற வைத்தது. ரொறன்ரோவின் 401 நெடுஞ்சாலையில் மாலை நாலரைக்கு ஏறிப் பாருங்கள். கெனடி வீதியிலிருந்து மேற்கே ஊர்ந்துகொண்டு போகையில் கிளச்சைப் பிடி, விடு, பிடி, விடு. இரண்டு சில்லு மோட்டார் சைக்கிளில் இதே வேலைதான், ஆனால் அது சின்ன உடம்பு. இது 300 கிலோவுக்கு மேல். ஒருநாள் வீட்டுக்கு வந்து தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் தூக்கினேன், பிடி நிற்கவில்லை. மணிக்கட்டு நரம்பு என்றார் டொக்டர். வயது 49.

மனுவலில் வந்த பழுதைச் சொல்கிறேன். 40,000 தாண்டியபோது, மச்சான் கைக்குப் போன பிறகு, ஐந்தாம் கியரில் முழுதாக முறுக்கினால் இயந்திரத்தின் சுழற்சி மட்டும் ஏறும், வேகம் ஏறாது. கிளச் தட்டுகள் தேய்ந்துவிட்டன. அதை வண்டியின் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். நான் ஐந்து வருடம் 401இல் அரைக் கிளச்சில் ஊர்ந்தேன். அதற்கு மேலே மச்சான் அதில் ஓட்டப் பழகினான். அவன் முன்பு மோட்டார் சைக்கிளே ஓட்டாதவன்; மூன்று சில்லிலேயே பரீட்சை செய்து பாஸ் பண்ணினவன். (ஒன்ராறியோவில் அப்படிப் பாஸ் பண்ணினால் மூன்று சில்லு மட்டுந்தான் ஓட்டலாம், இரண்டு சில்லு தொடக்கூடாது.) பழகுகிறவன் கையில் எந்தக் கிளச்சும் அழும்.

இன்னொன்று. இந்தக் கிளச்சுக்குக் கம்பி இல்லை, ஹைட்ரோலிக். உள்ளே இருப்பது பிரேக் திரவந்தான். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். நான் ஐந்து வருடமும் மூடியைத் திறந்தே பார்க்கவில்லை. மச்சான் திறந்தபோது கோப்பி நிறத்தில் இருந்ததாம். "இதென்ன அத்தான், ஆமை ஓட்டுக்குள்ள தண்ணி மாதிரி இருக்கு" என்று போன் எடுத்தான். லீவர் பஞ்சு மாதிரி அமுங்கிக் கியர் விழ மறுத்ததற்குக் காரணம் அதுதான். புதுத் திரவம் ஊற்றிக் காற்றெடுத்ததும் பிடி இறுகியது. ஒரு சின்னப் போத்தல் திரவம், ஒன்றரை மணித்தியாலம், இரண்டு பேர். மனுவலின் பெருமை இதுதான்: பழுதை மூக்கால் மணந்து கண்டுபிடிக்கலாம், கராஜில் வைத்தே கையால் திருத்தலாம்.

சரி, செமிக்கு வருவோம்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். யாழ்ப்பாணத்தில் ஹொண்டா சி-90 ஓட்டினவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. சூப்பர் கப் வகையை ஹொண்டா 1958இல் கொண்டுவந்ததே கிளச் லீவர் இல்லாமல்தான். இயந்திரம் வேகமெடுத்தால் கிளச் தானாகப் பிடிக்கும், வேகம் குறைந்தால் விடும், கியர் மிதியை மிதிக்கும்போதும் விடும். அப்பாவின் சி-90, தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில், ஸ்டார்ட் பண்ண மட்டும் நாலு சொட்டுப் பெற்றோலும் மிச்ச ஓட்டத்துக்கு மண்ணெண்ணெயுமாக ஓடியது. புகை கக்கியது, இருமியது, பிளக் அடைத்தது. ஆனால் அந்தக் கிளச் ஒருநாளும் முறைப்பாடு சொன்னதில்லை.

எஸ்.இ.5இலும் கிளம்புவதற்கு அதே மையவிலக்குக் கிளச் தத்துவந்தான். வித்தியாசம் எங்கே என்றால், சி-90இல் கியரை மாற்றியது அப்பாவின் கால். இதில் மாற்றுவது கணினியும் ஒயில் அழுத்தமும். இடது ஹாண்டிலில் ஒரு துடுப்பு இருக்கிறது. பெருவிரலால் தள்ளினால் மேல் கியர், சுட்டுவிரலால் இழுத்தால் கீழ்க் கியர். மேலே நாம்தான் ஏற்றவேண்டும். கீழே இறக்க மறந்தால், வேகம் குறையக் குறைய வண்டி தானே இறக்கிக்கொள்ளும். அதனால்தான் "செமி".

மனுவலிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல். மேல் கியர் போடும்போது முறுக்கைக் குறைக்காதீர்கள். கிளச் பழக்கத்தில் கை தானாகக் குறைக்கும், அப்போதுதான் வண்டி தலையாட்டும். முறுக்கியபடியே பெருவிரலைத் தள்ளுங்கள், கணினியே ஒரு கணம் பற்றவைப்பை நிறுத்திக் கியரை விழுத்தும். எனக்கு இது கைவர இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் "செமி கியர் அடிக்குது" என்று எல்லோரிடமும் குறை சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

செமியில் என்னை நிஜமாகவே பயமுறுத்தியது இரண்டு தடவை.

முதலாவது, 38,000இல். விடியக் குளிரில் முதலாம் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போட்டால், தள்ளிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு டக் என்று விழும். கீழே இறங்கும்போதும் அதே தயக்கம். "இதுதான் அண்ணை செமி" என்று ஆளாளுக்குத் தலையாட்டினார்கள். முழுக் கியர்பெட்டியும் கழற்றவேண்டி வரலாம் என்று ஒரு இடத்தில் சொன்னார்கள். நல்ல காலம், மெக்கானிக் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு அயலவர் கேட்டார்: "கடைசியாக ஒயில் மாற்றியபோது எத்தனை ஃபில்டர் மாற்றினார்கள்?" பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஒன்று.

இந்த வண்டிக்கு இரண்டு ஃபில்டர். ஒன்று இயந்திரத்துக்கு. மற்றது எச்.சி.எம். ஃபில்டர், கியர் மாற்றும் ஹைட்ரோலிக் பகுதிக்கு என்றே தனியாக இருப்பது. இயந்திரம், கியர்பெட்டி, கிளச், கியர் மாற்றும் அழுத்தம், நாலுக்கும் ஒரே ஒயில்தான். ஒயில் மாற்றிய கடைக்காரர் மனுவலுக்குச் செய்வதுபோல ஒன்றோடு நிறுத்திவிட்டார். இரண்டாவது ஃபில்டரைக் கழற்றினோம். சின்ன சாமான், பெருவிரல் தடிப்புக்குக் கொஞ்சம் கூட. மடிப்புகளுக்குள் சாம்பல் நிறத்தில் பசை, வெளிச்சத்தில் திருப்பினால் மாப்போல மினுங்கும் உலோகத்தூள். துணியில் துடைத்தபோது துணியே கறுத்தது. புதியதைப் போட்டுப் புது ஒயிலும் ஊற்றினோம். மறுநாள் விடியக் குளிரில் இரண்டாவது கியர் தள்ளியவுடன் விழுந்தது. அன்றிலிருந்து ஒயில் நானே மாற்றுகிறேன். மாற்றுகிற திகதியை ஃபில்டர் பெட்டியின் அட்டையிலேயே எழுதி கராஜ் சுவரில் ஆணியடித்து வைத்திருக்கிறேன். வெளியே கொடுத்தால், பழைய ஃபில்டர் இரண்டையும் கையில் தரச் சொல்லுங்கள்.

ஒயிலைப் பற்றி இன்னொரு வார்த்தை. மலிவு என்று காருக்குரிய, பெற்றோல் மிச்சம் பிடிக்கிற வகை ஒயிலை ஊற்றாதீர்கள். கிளச் ஒயிலுக்குள் ஊறுகிற வண்டி இது, வழுக்கும். கையேட்டில் சொன்ன 5டபிள்யூ-40, அல்லது போத்தலில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ.2 என்று, ஒயிலில் ஊறும் கிளச்சுக்குரிய தரக்குறி, போட்டிருப்பது. இது மனுவலுக்கும் பொருந்தும். அளவை இயந்திரம் நன்றாகச் சூடான பிறகுதான் பார்க்கவேண்டும். குளிரில் பார்த்துக் "குறைவு" என்று ஊற்றினால் கூடிப்போய்க் காற்று ஃபில்டர் இருக்கும் பெட்டிக்குள் ஏறும்.

இரண்டாவது பயம் முழுக்க என் சோம்பேறித்தனம். ஒரு குளிர்காலம் பட்டரிக்குச் சார்ஜர் கொளுவாமல் விட்டேன். ஏப்ரலில் சாவியைத் திருப்பினால் இயந்திரம் முக்கி முக்கி ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் திரையில் எச்சரிக்கை விளக்கு, லிம்ப் மோட். சக்தியைக் குறைத்து "வீட்டுக்குப் போ" என்கிற நிலை. இதில் ஸ்டியரிங்குக்கு மின்சார உதவி, நிலைப்படுத்தும் கணினி, கியர் கணினி எல்லாம் பட்டரியை நம்பித்தான். பட்டரி தளர்ந்தால் எல்லாமே ஒன்றாகக் குழம்பும், திரையோ பெரிய நோய் வந்த மாதிரிக் காட்டும். அதே ஏப்ரலில் மச்சானின் பட்டரியும் ஸ்டார்ட்டரைச் சுற்ற முடியாத அளவுக்குத் தளர்ந்திருந்தது. அவன் என்ன செய்தான்? சரிவில் தள்ளி, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டு, ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விட்டான். செமியில் அந்த வழியே இல்லை. இயந்திரம் ஓடாவிட்டால் கிளச் பிடிக்காது, எவ்வளவு தள்ளினாலும் உருளும், அவ்வளவுதான்.

உருளும் என்றதும் ஞாபகம் வருகிறது. மனுவலை முதலாம் கியரில் விட்டு இறங்கினால் வண்டி நிற்கும். அந்தப் பழக்கத்தில் செமியையும் கியரில் போட்டுவிட்டு, நிறுத்தும் பிரேக்கைப் போடாமல் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக் கதவைத் திறந்தேன். பின்னால் சரசரவென்று ஒரு சத்தம். 400 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி ட்ரைவ்வேயில் மெதுவாக, அவசரமே இல்லாமல், பின்னோக்கிப் போய் நீலக் குப்பைத் தொட்டியை அணைத்துக்கொண்டு நின்றது. தொட்டி உடைந்தது, வண்டிக்கு ஒன்றுமில்லை. மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆக, எது நம்பகம்? கணக்கைக் கூட்டிப் பார்த்தால் மனுவலில்தான் எங்களுக்குச் செலவு கூட. கிளச் தட்டுகளும் கூலியும் சேர்ந்தது, செமிக்கு நான் வாங்கிய அத்தனை ஃபில்டரையும்விட அதிகம். "செமி பழுதானால் செலவு" என்பது பொய்யில்லை. அந்த ஹைட்ரோலிக் பகுதியோ அதன் கணினியோ போனால் கராஜில் நீங்கள் திருத்த முடியாது, அதற்குரிய கருவியை வைத்திருப்பவரிடந்தான் போகவேண்டும். எனக்கு 49,000 கிலோமீற்றரில் அப்படி ஒன்று வரவில்லை. ஆனால் டீலர் இல்லாத வடக்கு ஊர்களில், நூறு இருநூறு கிலோமீற்றருக்கு உதவி கிடைக்காத இடத்தில் இருப்பவருக்கு நான் மனுவலைத்தான் சொல்வேன். நகரத்தில் ஓட்டுபவர், மணிக்கட்டு, முழங்கால் பிரச்சினை உள்ளவர், ஐம்பது தாண்டியவர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செமி.

அதோடு, தெரிவு செய்யும் காலமும் போய்க்கொண்டிருக்கிறது. 2020இலிருந்து ஆர்.டி. வகை செமியில் மட்டும் வருகிறது, ஆறு கியர் எஸ்.இ.6. சின்ன வகையான ரைக்கருக்குக் கியரே இல்லை, ஸ்கூட்டர் போல முறுக்கினால் போகும். மனுவல் வேண்டுமென்றால் பழையதில்தான் தேடவேண்டும்.

பழையது பார்க்கப் போகிறவர்கள், மனுவல் என்றால் மேல் கியரில் முழுதாக முறுக்கி, வேகம் கூடச் சேர்ந்து ஏறுகிறதா என்று பாருங்கள்; கிளச் திரவத்தின் நிறத்தையும் பாருங்கள். செமி என்றால் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி, இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது போங்கள். சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். முதலாவது இரண்டு கியரும் ரிவேர்ஸும் தயங்காமல் விழுகிறதா என்பதே பாதிப் பரிசோதனை. மீதிப் பாதி பற்றுச்சீட்டில்: ஃபில்டர் எத்தனை என்று எண்ணுங்கள்.

போன ஐப்பசியில் அல்கொன்குவினில் மச்சானும் நானும் வண்டியை மாற்றி ஓட்டினோம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவனுடைய இடது கை காற்றைப் பிடித்துப் பிடித்து விட்டது. நானோ கிளச்சை மறந்து மூன்றாம் கியரில் நிறுத்தி, இரண்டு தடவை இயந்திரத்தை அணைத்தேன். பின்னால் வந்த காரில் இருந்தவர் ஹோர்ன் அடித்தார். மச்சான் கண்ணாடியில் பார்த்துக் கையைக் காட்டினான், அதுவும் இடது கையால்.