கார் ஏசி ரிப்பேர் என்று 21,400 ரூபாய் போச்சு. பழைய வண்டிக்காரர்கள் உஷார்!

21,400 ரூபாய். "போனது போகட்டும், விடு" என்கிறார்கள் வீட்டில். எனக்கு ஆறவில்லை. இந்த வெயிலில் பழைய காரை வைத்துக்கொண்டு ஏசி கடை தேடிக்கொண்டிருக்கும் யாராவது ஒருத்தர் இதைப் படித்துத் தப்பித்தால் சரி.

பெயர் சொல்லப் போவதில்லை. வக்கீல் நோட்டீஸ் வந்தால் அதற்கும் நான்தான் செலவழிக்கணும். போனில் புக் பண்ணினால் ஆள் வந்து வண்டியை எடுத்துப் போய், "எங்கள் பார்ட்னர் கராஜ்" என்று ஏதோ ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டு, வேலை முடிந்ததும் தகவல் சொல்லும் ஆப்கள் இருக்கின்றன அல்லவா, அந்த வகை. ஊர் திருச்சி. வண்டி 2008 மாடல், நன்றாக ஓடுகிற வண்டி.

பிரச்சினை இதுதான். காலையில் வண்டியை எடுத்தவுடன் ஏசி ஜில்லென்று வரும். இன்ஜின் டெம்பரேச்சர் முள் நடுவுக்கு ஏற ஏற குளிர் குறையும். அப்புறம் வெறும் காற்றுதான். ஏசியை அணைத்துவிட்டு ப்ளோயரை மட்டும் ஓட விட்டால், வெளிக்காற்றைவிடச் சூடாக அடிக்கும். கால் வைக்கிற இடம் கொதிக்கும். இதையெல்லாம் ஆப்பில் 'உங்கள் பிரச்சினையை விவரிக்கவும்' என்ற கட்டத்தில் வரிவரியாக எழுதினேன். கராஜிலும் வாயால் சொன்னேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

கராஜில் சூப்பர்வைசர் ஒருவர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் டேப்லெட். பானெட்டைத் திறந்து, ஏசி கேஸின் அழுத்தத்தைக் காட்டும், சிவப்பு, நீலம் என்று இரண்டு வட்டம் இருக்கும் கேஜை மாட்டி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாருங்க சார், ரெண்டு முள்ளும் ஒரே இடத்துல நிக்குது. கம்ப்ரசர் பம்ப் பண்ணவே இல்ல." ஏசி கேஸை அழுத்தித் தள்ளுவது அந்தக் கம்ப்ரசர்தான். ஒரு பைப்பைக் கழற்றி விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனியில் கறுப்பாக, மினுமினுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "உள்ள தேஞ்சு தூள் வருது சார்."

நான் யோசித்தேன். அப்போது அவர் அவசரப்படுத்தியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். டீ வாங்கிக் கொடுத்தார். உட்கார வைத்தார். "வேண்டாம்னா விட்டுடுங்க சார். கேஸ் மட்டும் போட்டு ரெண்டாயிரத்துல அனுப்பிடுறேன். ஆனா ஒரு மாசத்துல திரும்ப வருவீங்க. எங்களுக்கு மனசு கேக்காது." சம்பாத்தியம் குறைகிற யோசனையை அவரே சொல்கிறாரே, இவர் நல்ல மனுஷன் என்று தோன்றிய இடம் அதுதான். யாருக்கும் தோன்றும். அதற்காகவே சொல்கிற வசனம் அது.

கம்ப்ரசர் 14,500, ஃபில்டர் டிரையர் 1,800, கேஸ் 2,100, கூலி 3,000. மொத்தம் 21,400 ரூபாய். கம்ப்ரசருக்கு ஆறு மாத வாரண்டி என்றார்கள். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு "மெயில்ல வந்துடும் சார்" என்று பதில். இன்றுவரை வரவில்லை. கையில் இருப்பது பேனாவால் எழுதிய எஸ்டிமேட் தாள் ஒன்றுதான்.

வண்டியை எடுக்கப் போனபோது காலை நேரம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. ஸ்டார்ட் பண்ணி என் கையைப் பிடித்து வென்ட்டில் வைத்து, "எப்படி சார், ஊட்டி மாதிரி இருக்கா?" என்றார். இருந்தது. ஜிபேயில் அனுப்பிவிட்டுக் கிளம்பினேன். பால்பண்ணை தாண்டவில்லை, முள் நடுவுக்கு வந்தது, ஊட்டி முடிந்தது. பழைய அனல் காற்று அப்படியே.

அங்கிருந்தே போன் போட்டேன். இனிமேல்தான் கூத்து.

"வெயில் அப்படி சார், எல்லா வண்டியும் இப்படித்தான் இருக்கும்." அடுத்த தடவை, "பதினேழு வருஷ வண்டி சார், இதுக்கு மேல எதிர்பார்க்க முடியாது." பணம் வாங்கும்போது வண்டிக்கு வயது தெரியவில்லை போலிருக்கிறது. அதற்கப்புறம் மெக்கானிக் லீவு, மெக்கானிக் சொந்த ஊருக்குப் போயிருக்கார். வாரண்டி என்று கேட்டால், "வாரண்டி கம்ப்ரசருக்குத்தான் சார், கம்ப்ரசர் வேலை செய்யுதே!" வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. கழற்றிய பழைய கம்ப்ரசரைக் கொடுங்கள் என்றேன். "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்."

ஆப் பக்கம் போனால் அது வேறு உலகம். சாட்டில் ஒருத்தர் வருவார், என் பெயரைச் சொல்லி வருத்தம் தெரிவிப்பார், "உயர் குழுவுக்கு அனுப்பியுள்ளோம்" என்பார், சாட் மூடிவிடும். மறுபடி திறந்தால் வேறு ஒருத்தர், முதலிலிருந்து கதை சொல்லணும். கராஜைக் கேட்டால் "ஆப்ல கம்ப்ளெய்ண்ட் போடுங்க." ஆப்பைக் கேட்டால் "நாங்கள் இணைத்துவைக்கும் தளம் மட்டுமே, வேலைக்குப் பொறுப்பு கராஜ்." கடைசியில் ஒரு நாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. கூடவே அடுத்த சர்வீஸுக்கு 300 ரூபாய் கூப்பன். 21,400 ரூபாய்க்கு 300 ரூபாய் கூப்பன்!

எங்கள் தெரு முனையில் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஏசி வேலை செய்கிறவர் இல்லை. டயர் காற்று பார்க்கப் போனபோது புலம்பினேன். "சூடானதும்தான் சூடா வருதா தம்பி? அப்ப ஏசிய ஏன் பிரிச்சாங்க?" என்றார். ஒரே கேள்வி.

ஓட்டுநர் இருக்கைப் பக்கம் தலைகீழாகப் படுத்து, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மூடியை நெம்பி எடுத்து, டார்ச் அடித்தார். என்னை டேஷ்போர்டில் இருக்கும் சூடு-குளிர் நாப்பைத் திருப்பச் சொன்னார். நீலத்திலிருந்து சிவப்புக்கு, சிவப்பிலிருந்து நீலத்துக்கு. நாப் சுற்றியது, உள்ளே எதுவும் அசையவில்லை. கேபிளைப் பிடித்து வைக்கிற கிளிப் உடைந்து கேபிள் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் நகம் அளவு பிளாஸ்டிக்.

விஷயம் இதுதான். டேஷ்போர்டுக்குள் ஏசி காயிலோடு ஹீட்டர் காயில் என்று இன்னொன்றும் உண்டு. இன்ஜினைச் சுற்றிவரும் கூலண்ட் சுமார் 90 டிகிரி சூட்டோடு அதற்குள்ளும் ஓடும். சில வண்டிகளில் அந்தத் தண்ணீரை நிறுத்த வால்வு இருக்கும். என் வண்டி போன்றவற்றில் தண்ணீர் எப்போதும் ஓடும், காற்று அந்தப் பக்கம் போகாமல் ஒரு ஃபிளாப்தான், அதாவது திறந்து மூடும் தடுப்பு, தடுக்கும். நாப்பைத் திருப்பினால் அதை நகர்த்துவது அந்தக் கேபிள்தான். கேபிள் கழன்று ஃபிளாப் பாதியில் நின்றுவிட்டால், ஏசி காயில் குளிராக்கும் காற்றை ஹீட்டர் காயில் மறுபடி சூடாக்கி அனுப்பும். இன்ஜின் சூடாகும் வரை ஏசி நன்றாக இருந்ததற்குக் காரணம் அதுதான். கம்ப்ரசர் முதலிலிருந்தே தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது.

ஃபிளாப்பைக் கையால் தள்ளி மூடிவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டச் சொன்னார். முள் நடுவில் நிற்கிறது, காற்று ஜில்லென்று வருகிறது. பழைய வண்டி ஒன்றிலிருந்து எடுத்த கிளிப்பைப் போட்டார். 350 ரூபாய் வாங்கினார், அதுவும் நான் வற்புறுத்தி.

அந்த கேஜ் நாடகத்தையும் சொன்னேன். "காட்டும்போது இன்ஜின் ஓடுச்சா?" என்று கேட்டார். ஓடவில்லை. இன்ஜின் நின்று கொஞ்ச நேரமானால் இரண்டு முள்ளும் ஒரே அளவில்தான் வந்து நிற்குமாம், புது வண்டியாக இருந்தாலும். ஏசியைப் போட்டு ஓடும்போதுதான் ஒன்று இறங்கும், ஒன்று ஏறும். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "இது புதுசு இல்ல தம்பி, பெயிண்ட் அடிச்சது." போல்ட் மாட்டுகிற காதுகளில் பழைய ஸ்பேனர் தடம், அதன் மேல் பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். நல்ல கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டு, யாருடைய பழைய கம்ப்ரசரையோ 14,500 ரூபாய்க்கு மாட்டியிருக்கிறார்கள். அவர் விரலில் காட்டிய தூள் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சூப்பர்வைசருக்குத்தான் வெளிச்சம்.

எப்படிப் பார்த்து ஏசி கடை தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். கோபத்தில் கை ஓடவில்லை. ஞாபகம் வருகிறதை மட்டும் சொல்கிறேன்.

இன்ஜின் சூடானபிறகுதான் அனல் அடிக்கிறதென்றால் முதலில் ஹீட்டர் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். கேபிள், ஃபிளாப், வால்வு. "கேஸ் தீர்ந்துடுச்சு" என்றால் எங்கே லீக் என்று கேளுங்கள், அது பெட்ரோல் இல்லை எரிந்து தீர்வதற்கு. கேஜைக் காட்டினால் இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பார்ட் வீட்டுக்கு வரணும், பில் கையில் வரணும், அப்புறம்தான் பணம். முக்கியமாக, வண்டியை நன்றாகச் சூடாகும் வரை ஓட்டிப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதிலும் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போடணும். எஸ்டிமேட் தாள், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், அந்தப் பெயிண்ட் அடித்த கம்ப்ரசரின் போட்டோ எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். திருச்சியில் இதே மாதிரி ஆப்பில் ஏசி வேலை கொடுத்து ஏமாந்தவர்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். சேர்ந்து மனு போடலாம். கூப்பன் வேண்டுமென்றாலும் வாருங்கள், 300 ரூபாய், நான் பயன்படுத்தப் போவதில்லை.