டிஸ்ப்ளே வராத டிரைவ்: பழுது பார்ப்பதா, போர்டை மாற்றுவதா, புதிது வாங்குவதா?

ஞாயிறு ஆலை விடுமுறை. சனி இரவு வரை ஒழுங்காக ஓடிய 15 ஹெச்பி டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), திங்கள் காலை மெயினைப் போட்டால் டிஸ்ப்ளேயே வரவில்லை. உள்ளே மட்டும் ‘டிக்... டிக்...’ என்று மெல்லிய சத்தம். நூற்பாலைப் பராமரிப்பில் இருப்பவர்களுக்கு இது பழகிய காட்சிதான்.

முடிவெடுக்கும் முன் ஒரு சோதனை. சப்ளையை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். 415 வோல்ட் டிரைவில் டிசி பஸ் (ஏசியை டிசியாக்கித் தேக்கிவைக்கும் பகுதி) 580 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அது இறங்கிவிட்டதா என்று மீட்டர் வைத்துப் பார்க்காமல் கை வைக்கவே வேண்டாம். அப்புறம் கூலிங் ஃபேன் கனெக்டரையும், 24 வோல்ட் டெர்மினலில் வெளியிலிருந்து வரும் வயர்களையும் கழற்றிவிட்டு மறுபடி சப்ளை கொடுங்கள். டிஸ்ப்ளே வந்துவிட்டால் குற்றவாளி ஃபேனோ வெளி வயரோதான். டிரைவ் நன்றாக இருக்கிறது.

வரவில்லையா? என் ஓட்டு முதலில் பழுது பார்ப்பதற்கே. பல டிரைவ்களின் எஸ்எம்பிஎஸ்ஸை (டிரைவின் உள்சர்க்யூட்டுகளுக்குச் சின்ன வோல்ட்டேஜ் கொடுக்கும் பகுதி) இயக்குவது 3844 வகை ஐசி. அது விழித்தெழ 16 வோல்ட் வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் 10 வோல்ட்டுக்குக் கீழே போகாதவரை நிற்காது. அது எழுவதற்கான சார்ஜைச் சேர்த்துவைக்கும் பக்கத்துச் சின்ன கெப்பாசிட்டர் வெயிலிலும் சூட்டிலும் காய்ந்துபோனாலும், ஓடுகிற டிரைவ் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தினால்தான் மாட்டிக்கொள்ளும்; எழ முயன்று முயன்று விழுவதுதான் அந்த டிக் சத்தம். திங்கள்கிழமைப் பழுதின் ரகசியம் இதுதான். டிக் சத்தமே இல்லை என்றால் பஸ்ஸிலிருந்து ஐசிக்கு முதல் கரண்ட் கொடுக்கும் ஸ்டார்ட்டப் ரெசிஸ்டர்களை அளந்து பாருங்கள். அவற்றை வரிசையாகப் போட்டிருப்பது வோல்ட்டேஜைப் பங்கிட்டுக்கொள்ளத்தான். அந்த இடத்தில் ஒரே கால் வாட் ரெசிஸ்டரை வைத்து ஒட்டினால் தாங்காது. பஸ்ஸில் கரண்ட் இல்லாமலே ஐசியைச் சோதிக்கலாம்: 7ஆம், 5ஆம் கால்களுக்கு இடையே வெளியிலிருந்து 18 வோல்ட் கொடுத்தால் 8ஆம் காலில் 5 வோல்ட் வர வேண்டும். கெப்பாசிட்டர் மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாமல், அந்தப் பகுதியில் உள்ள எல்லாவற்றையும் 105 டிகிரி ரகத்தில் மாற்றிவிடுவது நல்லது. செலவு சொற்பம்.

பவர் போர்டை மாற்றுவது வேகமான வழி. மாஸ்ஃபெட் (எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்விட்ச்) வெடித்து போர்டு கருகியிருந்தால் இதுதான் சரி, ஏனென்றால் கருகிய இடமே கரண்ட் கசியும் பாதையாகிவிடும். ஆனால் சின்ன டிரைவ்களில் ஐஜிபிடியும் (மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் பெரிய ஸ்விட்ச்) அதே போர்டில் சோல்டர் ஆகியிருக்கும். விலை கேட்டால் புது டிரைவை நெருங்கும். கன்ட்ரோல் போர்டு தனியாக இருந்தால் பாராமீட்டர் (டிரைவில் பதித்த செட்டிங்) தப்பிக்கும் என்பது இதில் பெரிய ஆறுதல்.

புது டிரைவில் அந்த ஆறுதலும் கிடையாது. செத்த டிரைவிலிருந்து கீபேடில் காப்பி எடுக்க முடியாது. மோட்டார் பெயர்ப்பலகை விவரம், வேகம் ஏறி இறங்கும் ரேம்ப் நேரம், டெர்மினல் அமைப்பு எல்லாம் நோட்டில் இல்லையென்றால் அரை நாள் போய்விடும். ஐஜிபிடியும் சேர்ந்து போயிருந்தால், அல்லது உதிரி பாகமே வராத பழைய மாடல் என்றால் மட்டும் இந்தப் பக்கம் போங்கள்.

ஸ்டோரில் உபரி டிரைவ் இருக்கிறதா? அது ஓரிரு ஆண்டு சும்மா கிடந்திருந்தால் நேராக 415 வோல்ட் கொடுக்காதீர்கள். வேரியாக் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்து மெல்ல மெல்ல ஏற்றி, பஸ் கெப்பாசிட்டர்களைப் பழக்கி எடுத்த பிறகே பேனலில் மாட்டுங்கள்.