தலைமை கோச், துணை கோச், கேலரி: பிள்ளையின் பேஸ்பால் அணியில் பெற்றோர் எங்கே நிற்பது?

அமெரிக்காவில் ஒவ்வொரு பேஸ்பால் சீசனுக்கு முன்பும் பிள்ளைகள் லீக்கிலிருந்து அதே கெஞ்சல் வரும். பன்னிரண்டு பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டார்கள், கோச் மட்டும் இல்லை, யாராவது முன்வாருங்கள். அதைப் படிக்கும் பெற்றோருக்கு மூன்று வழிகள் உண்டு. தானே தலைமை கோச் ஆகலாம். வேறொருவர் தலைமையில் துணை கோச்சாக நிற்கலாம். அல்லது சம்பள கோச் நடத்தும், ஊர் ஊராகப் போய் ஆடும் ட்ராவல் அணியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு கேலரியில் உட்காரலாம். மகள், மகன் இருவர் புண்ணியத்தில் மூன்றையும் அனுபவித்துவிட்டேன். என் ஓட்டு துணை கோச்சுக்கு. ஆனால் ஒரு குறிப்பிட்ட வயதுக்குக் கீழே அந்த ஓட்டு மாறும்.

அந்த வயது டீ-பால் வயது. பிள்ளைகள் பேஸ்பாலை நடத்தும் பெரிய அமைப்பான லிட்டில் லீக்கில் அது நாலு முதல் ஏழு வயது வரை. பந்தை ஒரு கம்பின் மேல் வைத்துவிடுவார்கள். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், வீசி அடிக்கும் பேச்சே இல்லை. இங்கே தந்திரம் தெரிந்த ஆள் யாருக்கும் தேவையில்லை. ஷூ கயிறு கட்டிவிடவும், ஒரே பந்தின் மேல் ஒன்பது பேரும் விழும்போது பிரித்துவிடவும் பொறுமையுள்ள ஒருவர் போதும். கிரிக்கெட் மட்டுமே தெரிந்த நான் தாராளமாகச் சமாளித்தேன், ஒரு விஷயம் தவிர. பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. நம் பழக்கத்தில் பேட் கையோடு வரும் பொருள். முதல் பயிற்சியில் பாதி அணி பேட்டைத் தூக்கிக்கொண்டே, ஓடித் தொட வேண்டிய முதல் இடமான முதல் பேஸுக்கு ஓடியது. இந்த வயதில் லீக் கேட்டால் யோசிக்காமல் தலைமை கோச் ஆகுங்கள்.

எட்டு, ஒன்பது வயதில் பிள்ளைகளே பந்து வீசத் தொடங்கியதும் நிலைமை வேறு. அப்போதுதான் யார் பிட்சர், யார் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்பவர்), யார் பந்து அதிகம் வராத ரைட் ஃபீல்டில் வேடிக்கை பார்ப்பது என்ற கேள்வியெல்லாம் வருகிறது. தலைமை கோச்சுக்கு இங்கே சில வசதிகள் உண்டு. பயிற்சி நேரம் அவர் சௌகரியப்படி. வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது தன் பிள்ளையைத் தன் அணிக்கே எடுத்துக்கொள்ள விதியே இடம் தருகிறது. பதிலுக்கு லைன்அப், ஸ்கோர்புக், சாமான் மூட்டை, மழை பெய்தால் பதினோரு வீட்டுக்குச் செய்தி எல்லாம் அவர் தலையில். இதைக்கூடத் தாங்கலாம். தாங்க முடியாதது ‘டாடி பால்’ என்ற இரண்டு சொல்தான். அப்பா கோச் என்பதால் மகன் பிட்சர், மகன் முதலில் பேட்டிங் என்று மற்ற பெற்றோர் முணுமுணுப்பதற்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் பெயர் அது.

அந்தப் பெயர் எனக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் நேர்எதிர்த் தப்பைச் செய்தேன். மகனை பேட்டிங் வரிசையில் கடைசியில் போட்டேன், ஆட்டத்துக்கு ஆட்டம் ரைட் ஃபீல்டில் நிறுத்தினேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் குறைந்தது ஒரு பேட்டிங், ஆறு அவுட் வரை ஃபீல்டிங் என்பது லிட்டில் லீக் விதி. மூன்று அவுட்டோடு ஒரு அணியின் முறை முடிவதால், ஆறு இன்னிங்ஸ் ஆட்டத்தில் அது இரண்டு இன்னிங்ஸ். என் மகனுக்குப் பல நாள் அந்த அளவுதான் கிடைத்தது. ஒருநாள் காரில் கேட்டான்: “நான் அவ்வளவு மோசமாவா ஆடுறேன், அப்பா?” எந்தப் பெற்றோரும் என்னைக் குறை சொல்லவில்லை. அவர்கள் வாயை அடைத்த விலையை அவன் கொடுத்திருக்கிறான். சொந்தப் பிள்ளையைத் தூக்கிவிடும் கோச்சைப் பற்றித்தான் ஊர் பேசும். ஊர் வாய்க்குப் பயந்து பிள்ளையை மிதிக்கிறவர்களும் குறைவில்லை, நம்மவர்களில் கொஞ்சம் அதிகம் என்றே தோன்றுகிறது.

அடுத்த சீசனில் துணை கோச் ஆனேன். தலைமை கோச்சின் மகனும் அதே அணியில்தான். முதல் நாளே ஒரு ஒப்பந்தம் போட்டோம்: அவர் மகன் எங்கே நிற்பது என்று நான் சொல்வேன், என் மகன் எங்கே நிற்பது என்று அவர் சொல்வார். மூன்றாவது வாரமே அவர் என் மகனை இரண்டாவது பேஸில் நிறுத்தினார். நான் நிறுத்தியிருக்கவே மாட்டேன். பையனுக்கு அந்த இடம் பொருந்திவிட்டது. இன்னொரு லாபமும் உண்டு. அப்பா சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் அதே திருத்தம், வேறொருவர் வாயால் வந்தால் உடனே உள்ளே இறங்குகிறது. எனக்குத் தெரியாததும் நிறைய இருந்தது. கிரிக்கெட்டில் பந்து வீசும்போது கை மடங்கக் கூடாது என்று வளர்ந்தவன் நான். இங்கே முழங்கை மடங்கி விரிவதுதான் வீசும் முறையே. பிட்சிங் சொல்லித்தரும் வேலையிலிருந்து என்னை விலக்கி வைத்ததே அந்த அணிக்குக் கிடைத்த நல்ல காரியம்.

அணி உட்காரும் இடமான டக்அவுட்டில் ஒரு தலைமை கோச், இரண்டு துணை கோச்கள் என்பதுதான் லிட்டில் லீக் கணக்கு. ஆண்டுதோறும் பின்னணிச் சோதனை துணைக்கும் உண்டு. “சும்மா வந்து உதவுகிறேன்” என்று கடைசி நேரத்தில் நுழைய முடியாது. சீசனுக்கு முன்பே பெயர் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது வழி, ட்ராவல் அணி. மகள் இப்போது அதில் ஆடுகிறாள். (பெண் பிள்ளை பேஸ்பாலா என்று கேட்பவர்களுக்கு: லிட்டில் லீக் 1974-லேயே கதவைத் திறந்துவிட்டது.) கோச்சுக்கு அணியில் சொந்தப் பிள்ளை இல்லை, அதனால் டாடி பால் பேச்சும் இல்லை. பேட்டைச் சுழற்றும்போது இடுப்பு எப்போது திரும்புகிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடுகிறார். பதின்மூன்று வயதை நெருங்கும்போது இந்தத் திறமைக்கு மதிப்பு கூடும். லிட்டில் லீக் மைதானத்தில் பிட்சருக்கும் பேட் பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவே 46 அடி, பேஸ்களுக்கு நடுவே 60 அடி. பெரிய மைதானத்தில் அது 60 அடி 6 அங்குலம், 90 அடி. அதே பிள்ளை, அதே கை, தூரம் மட்டும் திடீரென்று நீண்டுவிடும். அப்போது ஆர்வமுள்ள அப்பாவைவிட விஷயம் தெரிந்த கோச் தேவை. செலவும், வார இறுதி முழுவதும் டோர்னமென்ட்டில் கரைவதும் ஒவ்வொரு வீடும் தானே போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு.

ஆனால் கேலரியில் உட்கார்ந்ததும் ஒரு பொறுப்பு நம்மிடமே திரும்பி வருகிறது: பிள்ளையின் தோளும் முழங்கையும். லிட்டில் லீக்கில் 2007 முதல் பந்துக் கணக்கு கட்டாயம். ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து வயதுக்கு 75 பந்து. பதினொன்று, பன்னிரண்டுக்கு 85. ஒரே நாளில் 66 அல்லது அதற்கு மேல் வீசினால் நான்கு நாள் ஓய்வு. 41 அல்லது அதற்கு மேல் வீசியவர் அன்று அதன் பிறகு கேட்சராக, அதாவது பேட் பிடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவராக, உட்காரவே கூடாது. தலைமை கோச்சாக இருந்தபோது இந்த எண்கள் என் கையைக் கட்டிப்போட்டன. ஒரு ரன் முன்னிலையில் கடைசி இன்னிங்ஸ், நன்றாக வீசுகிற பிள்ளை, இன்னும் நாலே பந்து என்று மனசு பேரம் பேசும். விதி இல்லாவிட்டால் நான் பேரத்துக்குப் படிந்திருப்பேன்.

பிள்ளை இரண்டு அணியில் ஆடும்போது சிக்கல் வேறு. சனிக்கிழமை இங்கே 60, ஞாயிற்றுக்கிழமை அங்கே 40. ஒரு அணியின் ஸ்கோர்புக்கை இன்னொரு அணி பார்ப்பதில்லை. இரண்டு கோச்களும் அவரவர் வரையில் யோக்கியர்கள்தான். மொத்தம் 100 என்பது வீட்டில் இருக்கும் ஆளுக்கு மட்டுமே தெரியும். நடுவில் கேட்சராக உட்கார்ந்து பிட்சருக்குத் திருப்பி எறிந்த பந்துகள் எந்தக் கணக்கிலும் சேராது. கேலரியில் இருப்பவர் கையில் பாப்கார்னோடு ஒரு சின்ன நோட்டும் இருக்கட்டும். மகளின் கோச்சிடம் “நேற்று 60 வீசிவிட்டாள், இன்று வேண்டாம்” என்று ஒருமுறை சொல்லியிருக்கிறேன். சங்கடமாகத்தான் இருந்தது. அவர் தலையசைத்துவிட்டு வேறு பிள்ளையை அனுப்பினார்.

ஏழு வயது வரை தலைமை, அதிலிருந்து பன்னிரண்டு வரை துணை, அப்புறம் நோட்டோடு கேலரி. மறுபடி சீசனைத் தொடங்கச் சொன்னால் இந்த வரிசையில்தான் போவேன். லீக்கில் ஒரு கையும் உயராமல் அணியே கலையும் நிலை வந்தால் மட்டும் எட்டு வயதுக்கு மேலும் தலைமை ஏற்பேன், பிள்ளை மாற்று ஒப்பந்தத்துக்கு ஒப்புக்கொள்ளும் துணை கோச் கிடைத்த பிறகு.

வரும் சீசனிலும் மகன் அணிக்குத் துணைதான். ஆட்டத்தின்போது ஓடுபவர்களுக்கு வழிகாட்ட முதல் பேஸ் பக்கம் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது பேஸ் வேண்டாம். அங்கே நிற்பவர்தான் ரன்னரை நிறுத்துவதா, ரன் எடுக்க ஹோம் பிளேட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டும். ஓடி வருகிறவன் என் பையன் என்றால் பந்து எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்குள் ‘ஓடு’ என்று என் கை தானாகச் சுழன்றுவிடும்.